மூணு கட்டளையும் அரை நூற்றாண்டும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆணி அதிகம். போன மாசம் என் ஆய்வுக் கணக்குல வந்த எண்கள், எங்க குழுவோட பழைய ஆய்வேட்டுல இருக்கற எண்களோட ஒத்துப் போகல. "தப்பு மென்பொருள்லயா, உங்கிட்டயா?"ன்னு வழிகாட்டி ஒரே கேள்விதான் கேட்டார். தூக்கம் போச்சு.

சரி, குனு ஆக்டேவ்ல போட்டு சரிபார்க்கலாம்னா, இங்க பல்கலைக்கழகக் கணினியில இருந்தது அரதப் பழசான பதிப்பு. ரூட் பாஸ்வேர்டு நமக்கெல்லாம் யார் தருவா? மூலநிரலை இறக்கி, என் ஹோம் டைரக்டரிக்குள்ளேயே கம்பைல் பண்ண வேண்டியதுதான். கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். மூணே கட்டளை. கேக்க சுலபமாத்தான் இருக்கும் :-)

ராத்திரி ரெண்டு மணிக்கு, நான் கையால திருத்தின மேக்ஃபைல் 'மிஸ்ஸிங் செபரேட்டர்'னு சொல்லிட்டு நின்னுபோச்சு. டேப் வரவேண்டிய இடத்துல எட்டு ஸ்பேஸ் தட்டியிருக்கேன். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதானே!

இந்த டேப்புக்கு ஒரு கதை இருக்கு. 1976ல பெல் ஆய்வுக்கூடத்துல ஸ்டீவ் ஜான்சன்னு ஒருத்தர் (யாக் எழுதினவர்) ஒரு காலைப் பொழுது முழுக்க, சரியா இருந்த நிரல்லயே பிழை தேடிக்கிட்டு இருந்தார். பிழையைத் திருத்திட்டார், ஆனா திருத்தின கோப்பை மறுபடி கம்பைல் பண்ணலை. அவர் புலம்பினதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், எந்தக் கோப்பு மாறியிருக்கோ அதை மட்டும் கம்பைல் பண்ற 'மேக்'கை எழுதினார். வரி ஆரம்பத்துல டேப் வெச்சா வேலை நடந்துச்சு, அப்படியே விட்டுட்டார். சில வாரம் கழிச்சு மாத்தலாமான்னு யோசிச்சப்போ, ஏற்கனவே ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பிச்சிருந்தாங்களாம். அவங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு மாத்தலை. அந்தப் பன்னெண்டு பேருக்காக உலகமே இன்னிக்கும் டேப் அடிக்குது!

அடுத்து கான்ஃபிகர். யூனிக்ஸ்ல ஆளுக்கொரு ஜாதி. ஒண்ணுல இருக்கற ஃபங்ஷன் இன்னொண்ணுல இருக்காது. 1991ல டேவிட் மெக்கென்சி ஆட்டோகான்ஃப் எழுதினார். அது உருவாக்கற கான்ஃபிகர், சின்னச் சின்ன நிரலா எழுதி, கம்பைல் ஆகுதான்னு பார்த்துப் பார்த்துத்தான் நம்ம கணினியைத் தெரிஞ்சுக்குது. திரையில 'செக்கிங்... யெஸ், நோ'ன்னு ஓடுதே, அது வெட்டி அரட்டை இல்ல.

இப்போ ஆக்டேவ். இசையில வர்ற ஆக்டேவ் இல்லீங்க. ஆக்டேவ் லெவன்ஸ்பீல்னு ஒரு வேதிப் பொறியியல் பேராசிரியர் பேரு. அவரோட பழைய மாணவர் ஜான் ஈட்டன் 1992ல எழுத ஆரம்பிச்சு, 1994ல 1.0 வெளியிட்டார். காரணம் எளிமையானது. மாணவர்கள் ஃபோர்ட்ரான் பிழை திருத்தறதுலயே நேரத்தைத் தொலைச்சாங்க, வேதிப் பொறியியல் படிக்க நேரம் மிஞ்சலை. மேட்லாப் பிறந்த கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1970களின் கடைசியில க்ளீவ் மோலர், ஃபோர்ட்ரான் எழுதாமலே மாணவர்கள் லின்பேக், ஐஸ்பேக் நூலகங்களைப் பயன்படுத்தணும்னு எழுதினது அது.

இதுல வேடிக்கை, ஃபோர்ட்ரான் எங்கேயும் போயிடலை. அந்த ரெண்டு நூலகத்துக்கும் வாரிசா 1992ல வந்த லாபேக்தான் ஆக்டேவுக்கு அடியில அணிக்கோவை கணக்கைப் போடுது. கம்பைல் பண்ணும்போது ஃபோர்ட்ரான் கம்பைலர் இல்லைன்னா வண்டி நகராது. எனக்கு வேண்டிய சிக்னல் பேக்கேஜ், முதல்ல கன்ட்ரோல் பேக்கேஜ் எங்கேன்னு கேக்குது. கன்ட்ரோலைத் திறந்தா உள்ள ஸ்லைகாட்னு இன்னொரு ஃபோர்ட்ரான் நூலகம். வெங்காயம் உரிக்கற மாதிரிதான், கண்ணீர் உட்பட.

மூணாவது ராத்திரி எல்லாம் ஏறிடுச்சு. பட்டர்வொர்த் வடிகட்டி போடற கோப்பைத் திறந்து வரி வரியாப் படிச்சேன். வெட்டு அதிர்வெண்ணை மாதிரி வீதத்தோட பாதியால வகுத்துக் கொடுக்கணும். நான் முழு வீதத்தால வகுத்திருந்தேன். தப்பு என்கிட்டதான். மூணு மாசக் கணக்கை மறுபடி போடணும்.

வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா வழிகாட்டிகிட்ட "மென்பொருள் அப்படித்தான் சொல்லுது சார்"னு நிக்காம, எந்த வரியில என் தப்புன்னு காட்ட முடிஞ்சது. இப்பல்லாம் ஒரே கட்டளையில எல்லாம் தயாரா இறங்கிடுது, தினமும் கம்பைல் பண்ணுங்கன்னு சொல்ல மாட்டேன். ஒரு தடவை பண்ணிப் பாருங்க. நாம நம்பற எண்ணுக்குப் பின்னால எத்தனை பேர் ராத்திரி முழிச்சிருக்காங்கன்னு புரியும்.

டிஸ்கி: டேப்புக்கு பதிலா ஸ்பேஸ் அடிச்சு நொந்தவங்க பின்னூட்டத்துல கை தூக்குங்க. சங்கம் ஆரம்பிச்சிடலாம் :-)