பழைய மோட்டார் சைக்கிளும் பர்ட் மன்ரோவும்

யந்திரக் கலை என்பது பெரிய கல்லூரிகளிற் பயின்றோர்க்கும் தொழிற்சாலை உடையோர்க்குமே உரியது; மற்றையோர் அவர்கள் செய்து தருவதை விலைக்கு வாங்கிப் பழுதுற்றவுடன் எறிந்துவிட வேண்டியவர்களே என்னும் எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றியிருக்கிறது. நகரத்துக் கடைக்காரர் இவ்வாறு கருதுவதில் வியப்பில்லை. தோட்டத்தில் தம் பழைய மோட்டார் சைக்கிளைத் தாமே கழற்றிப் பூட்டி ஓட்டும் தொழிலாளியுங்கூட, தாம் செய்வது ஒரு வித்தை என்றுணராமல், கையிற் காசில்லாததால் செய்வதாகக் கூறி நாணுகிறார். இந்நாணம் பொருந்துமா என்பதை, நியூசிலாந்து நாட்டினர் ஒருவருடைய சரித்திரத்தைக் கொண்டு ஆராய்வோம்.

அவர் பெயர் பர்ட் மன்ரோ. 1899ஆம் ஆண்டில் அந்நாட்டின் தென்பகுதியில், பண்ணைக் குடும்பமொன்றிற் பிறந்தவர். 1920இல் இன்வர்கார்கில் நகரில் ‘இந்தியன் ஸ்கவுட்’ என்னும் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். பெயரைக் கண்டு நம்மவர் மார்தட்ட வேண்டாம். அது அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரில் செய்யப்பட்டது. அப்பெயரும் அந்நாட்டுப் பழங்குடி மக்களைக் குறிப்பதே. 1492இல் கொலம்பஸ் செய்த பிழை, நானூறு ஆண்டுகட்குப் பின் ஒரு பெட்ரோல் தொட்டியின்மீதும் எழுதப்பட்டது என்க.

அவ்வண்டியின் எஞ்சின் 600 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது. வேகம் மணிக்கு ஏறத்தாழ 55 மைல். 1926 முதல் மன்ரோ அதனைத் திருத்தத் தொடங்கினார். பகலில் மோட்டார் சைக்கிள் விற்கும் வேலை, இரவிற் கொட்டகை. புதிய உறுப்புகள் வாங்கப் பொருளில்லை. ஆதலால் தாமே செய்தார்.

எவ்வாறு செய்தார் என்பதே நாம் நின்று நோக்கத்தக்கது. பிஸ்டன் என்பது எஞ்சினுள் எரிவாயுவின் உந்தலை நேரே தாங்கும் உறுப்பு. சூடேறினால் விரியும். சிலிண்டரோடு மிக நெருங்கியிருப்பின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மிக விலகியிருப்பின் வாயு கசிந்து வலிமை குன்றும். இத்துணை நுட்பமான பொருளை மன்ரோ பழைய தகர டப்பாக்களை அச்சாகக் கொண்டு, உலோகத்தை உருக்கி வார்த்தார். பிஸ்டனைச் சுழல் தண்டோடு இணைக்கும் தண்டுகளைப் பழைய டிராக்டர் அச்சிலிருந்து கடைந்தெடுத்தார். பக்கத்தில் வால்வு அமைந்திருந்த எஞ்சினை மேல்வால்வு எஞ்சினாக மாற்றினார். அளவு பார்க்க அவர் கொண்ட கருவிகளுள் ஒன்று, சக்கரத்தின் பழைய ஆரக்கம்பி!

இவையெல்லாம் முதன்முறையிலேயே வாய்த்தன என்று வாசகர் எண்ணலாகாது. பிஸ்டன்கள் உருகின, தண்டுகள் முறிந்தன, எஞ்சின் வெடித்துச் சிதறிய நாள்களும் உண்டு. அவ்வாறு பாழான உறுப்புகளை அவர் எறிந்துவிடாமல் கொட்டகையில் ஓர் அடுக்குப் பலகைமீது வரிசையாக வைத்து, ‘வேகக் கடவுளுக்குக் காணிக்கை’ என்று எழுதிவைத்தார். காணிக்கைகளுள் இதனினும் பயனுடையதை நாம் கண்டதில்லை. தேங்காய் உடைந்தால் ஒன்றும் விளங்குவதில்லை. பிஸ்டன் உடைந்தால் எவ்விடத்து உடைந்தது, ஏன் உடைந்தது என்பதை அதன் முகமே சொல்லும். அடுத்த பிஸ்டன் அச்சொல்லைக் கேட்டே வார்க்கப்படுகிறது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பான்வில் என்னும் உப்புவெளி உண்டு. முன்னாளில் ஏரியாயிருந்து வற்றிய இடம். பல மைல் தூரம் தட்டையானது. வண்டிகளின் வேகத்தை அளக்க உலகத்தார் அங்கே கூடுவர். காற்றின் துணையால் வந்த வேகம் கணக்கிற் சேராதிருக்க, ஒரு திசையில் ஓடியவர் எதிர்த்திசையிலும் ஓடவேண்டும். இரண்டின் சராசரியே சாதனை. மன்ரோ 1962, 1966, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளில் அங்கே சாதனைகள் நிறுவினார். 1967இல் அவருக்கு வயது 68, வண்டிக்கு 47. எஞ்சின் அப்போது 950 கன சென்டிமீட்டராக வளர்ந்திருந்தது. மணிக்கு 183.586 மைல் என்று குறித்தனர். இது வாங்கிய நாள் வேகத்தின் மும்மடங்கினும் மிகுதி.

இங்கு ஓர் எச்சரிக்கை. அவர் ஓடியது ஆளில்லா வெளியில். அங்கும் விழுந்து காயமுற்றிருக்கிறார். நம் வீட்டு வண்டியின் எஞ்சினைப் பெருக்கிப் பிள்ளைகள் நடக்கும் சாலையில் ஓட்டுவோர் மன்ரோவைச் சான்றுக்கு இழுப்பது நேர்மையன்று.

அவர் 1978இல் காலமானார். பல்லாண்டுகட்குப் பின் அவருடைய மகன் பழைய குறிப்புகளைப் பார்த்தபோது, சாதனையை எழுதினோர் சராசரி காண்பதிற் பிழைசெய்திருந்தது வெளிப்பட்டது. 2014இல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் கணக்கைத் திருத்தி, 184.087 மைல் என்று பதிவு செய்தது. தகர டப்பாவில் வார்த்தவரின் பிஸ்டன் பிழைபடவில்லை. காகிதத்தில் எழுதியவர் கூட்டலே 47 ஆண்டுகள் பிழையாய் நின்றது.

மன்ரோவின் வண்டிகளையும் அவர் கைப்பட ஆக்கிய உறுப்புகளையும் காண விரும்புவோர் அரண்மனை எதற்கும் போகவேண்டுவதில்லை. இன்வர்கார்கில் நகரில், ஆணியும் நட்டும் போல்ட்டும் விற்கும் ஒரு கடையில் அவை வைக்கப்பட்டிருக்கின்றன. அரம் வாங்க வந்தவர் அவற்றைப் பார்த்துவிட்டுப் போகிறார்.