மஞ்சளை நம்பிய வருடம்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். தேன் பெட்டியின் புழு அறையில் எடுத்த படம். கண்ணறைகளில் புழுக்கள் தலையை மேலே நீட்டியபடி செத்துக் கிடந்தன. "சார், மஞ்சள்தூளையும் பூண்டுச் சாற்றையும் சர்க்கரைப் பாகில் கலந்து வைத்தால் சரியாகுமாம். வாட்ஸ்அப்பில் வந்தது. வைக்கலாமா?" என்று கேட்டிருந்தான். அவனுக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன். 1992-இல் அதே காட்சியை எங்கள் வீட்டுப் பெட்டிகளில் பார்த்தவன் நான்.

நம் மார்த்தாண்டம் பகுதிக்குத் தேனீ புதிதல்ல. நூறு வருடங்களுக்கு முன்பு நியூட்டன் என்ற பாதிரியார் நம் நாட்டு அடுக்குத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்தார். 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராம மறுகட்டமைப்பு மையம் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் இத்தொழிலை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. பிறகு ரப்பர் தோட்டங்கள் பெருகின. ரப்பரின் இளந்தளிர்க் காம்பில் சுரக்கும் தேனை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன.

அந்தப் பிழைப்பில்தான் இடி விழுந்தது. 1976-இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட ஒரு வைரஸ் நோய், 1978-இல் மேகாலயாவில் தென்பட்டது. 1991–92-இல் தென்னிந்தியாவுக்கு வந்துவிட்டது. பெயர் தாய் சாக்புரூட். செத்த புழுவை ஊசியால் தூக்கினால், நீர் நிறைந்த சிறு பை போல முழுதாக வெளியே வரும். செத்த புழுவை அகற்றும் வேலைக்கார ஈயின் உடலுக்குள் வைரஸ் போகிறது. அந்த ஈயே மற்றப் புழுக்களுக்கு ஊட்டும்போது நோயையும் சேர்த்து ஊட்டிவிடுகிறது. தென்னிந்தியாவில் மிகப் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன.

எங்கள் வீட்டில் அப்பா வைத்திருந்தது பன்னிரண்டு பெட்டிகள். படித்த வாத்தியார் என்று அப்பா என்னிடம்தான் யோசனை கேட்டார். ஊரில் எல்லோரும் சொன்னதையே நானும் சொன்னேன்: மஞ்சள் தூவலாம், வேப்பிலைப் புகை போடலாம். அதோடு நிற்கவில்லை. மெலிந்த கூட்டத்துக்கு வலுக் கொடுப்பதாக நினைத்துச் சட்டங்களைப் பெட்டிக்குப் பெட்டி மாற்றி வைத்தேன். நோயை என் கையாலேயே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்ததற்குச் சமம் அது. ஆறு மாதத்தில் பதினொரு பெட்டிகள் காலி. பலா மரத்தடியில் தனியாக இருந்த ஒன்று மட்டும் மிஞ்சியது. அதில் நான் கை வைக்கவே இல்லை.

அப்படியானால் மஞ்சள் கேட்டது என்று பலர் சொன்னது பொய்யா? அவர்கள் பொய் சொல்லவில்லை. பூக்காலம் வந்து கூட்டம் வலுத்தால், ஈக்கள் செத்த புழுக்களை விரைவாக அகற்றிவிடும். ராணி முட்டையிடுவது நின்றால், வைரஸுக்குப் புழு கிடைக்காமல் நோய் தணியும். பசித்த ஈக்களுக்குச் சர்க்கரைப் பாகு மட்டுமே கூட தெம்பு தரும். அதற்கு முந்தின வாரம் நாம் எதை வைத்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

மாணவனுக்குச் சொன்னது இதுதான். நோய்ப் பெட்டியின் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றாதே. நோய் கண்ட அடைகளை எடுத்து எரித்துவிடு. ராணியைச் சில வாரம் சிறு கூண்டில் அடைத்து முட்டையிடாமல் வை. ஆன்டிபயாடிக் வைக்காதே; அது வைரஸைத் தொடாது, தேனைத்தான் கெடுக்கும். முக்கியமாக, நோயைத் தாங்கி நிற்கும் கூட்டத்திலிருந்து மட்டும் புதிய கூட்டங்களைப் பிரி. அழிவுக்குப் பிறகு நம் ஊர்த் தேனீ மீண்டு வந்தது, தாங்கி நின்ற கூட்டங்கள் பெருகியதால்தான்.

எங்கள் பலா மரத்தடிப் பெட்டியைப் பிரித்துப் பிரித்துத்தான் அப்பா மறுபடி ஏழு பெட்டிகள் ஆக்கினார். சட்டம் மாற்றியதற்காக அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அடுத்த தடவை தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு மக்களே" என்றார், அவ்வளவுதான். முப்பது வருடம் வகுப்பில் நின்றபோதெல்லாம் எனக்குத் துணையாக இருந்தது அந்த வாக்கியம்.

அந்த வருடங்களில் உங்கள் வீட்டிலும் பெட்டிகள் இருந்திருந்தால், பெரியவர்களிடம் கேட்டு இங்கே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்