சிறுவீட்டு அடுக்களை

தாமிரபரணிக் கரை ஊர்களில் பெண்பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பொங்கல் உண்டு. ஊர்ப் பொங்கல் தை முதல் நாளில் வந்துபோகும். அதற்கப்புறம் வருவது சிறுவீட்டுப் பொங்கல். மார்கழி முழுக்க வாசலில் கோலம் போட்டு, சாணிப் பிள்ளையார் பிடித்து, தலையில் பூசணிப்பூவும் பீர்க்கம்பூவும் சொருகுவோம். வெயில் ஏறியதும் அந்தச் சாணியைப் பூவோடு சேர்த்துத் தட்டிக் காயவைப்போம். தை மாதத்தில் ஒரு நல்ல நாள் பார்த்து, முற்றத்தில் களிமண் குழைத்துச் சாண் உயரச் சுவர் வைத்து ஒரு வீடு எழும்பும். அடுக்களை, பூசை அறை, தார்சா எல்லாம் அதில் இருக்கும். வாசலில் சின்னதாக மூன்று பொங்கக்கட்டிகளை அடுப்பாக வைத்து, பனையோலை எரித்துப் பிள்ளைகள் பொங்கலிடுவார்கள். கொஞ்சம் பொங்கலை இலையில் வைத்து, சேர்த்து வைத்த பூ வறட்டிகளோடு ஆற்றில் விட்டுவிட்டு வருவோம்.

நான் பால்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சின்னப் பிள்ளைகளைச் சமைக்க வைத்துச் சொல்லிக்கொடுப்பது ஏதோ புது முறை என்று இப்போது பேசுகிறார்கள். கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது.

அகநானூற்றிலேயே இந்த விளையாட்டு இருக்கிறது. கடற்கரையில் பெண்கள் மணல்வீடு கட்டி, சிறுசோறு குவித்து விளையாடிக் களைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கிருந்தோ ஒருவன் வந்து, பொழுது சாய்ந்துவிட்டது, விருந்து சாப்பிட்டுவிட்டு உங்கள் ஊரில் தங்கிப் போகட்டுமா என்கிறான். எங்கள் வீட்டில் மீன் சாப்பாடுதான், உமக்கு ஆகாது என்று அவர்கள் பதில் சொல்கிறார்கள். பாட்டு போகும் வழி வேறு. ஆனால் மணல்சோற்றுக்கு நடுவே நிஜமான ஒரு விருந்தாளி வந்து நிற்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிற்காலத்துப் பாட்டியல் நூல்கள், பெண்குழந்தைகளின் பருவங்களில் சிற்றில் இழைத்தலையும் சிறுசோறு ஆக்கலையும் சேர்த்திருக்கின்றன. ஆண்பால் பிள்ளைத்தமிழிலும் சிற்றில் பருவம் உண்டு. ஆனால் அங்கே, எங்கள் வீட்டைக் காலால் உதைத்து அழித்துவிடாதே என்று சிறுமிகள் கெஞ்சுவார்கள். கட்டுவது அவள் வேலை, சிதைப்பது அவன் விளையாட்டு. சிறுவீட்டுப் பொங்கலிலும் எங்கள் வளவுப் பையன்களுக்குக் கிடைத்த பங்கு சாப்பிடுவதும் சுவரை மிதிப்பதும்தான். பழைய வழக்கம் என்பதற்காக இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பெண்ணை அடுக்களைக்குப் பழக்கும் ஏற்பாடு இது; கூடவே ஒரு படிப்பும் நடந்தது.

அந்தப் படிப்பு என்னவென்று சிறுகிழங்கில் பார்க்கலாம். எங்கள் பக்கத்துப் பொங்கல் சிறுகிழங்கு இல்லாமல் கிடையாது. சுண்டுவிரல் கனம்தான் இருக்கும், மேலெல்லாம் மண். கத்தி வைத்துத் தோல் சீவினால் கிழங்கில் பாதி போய்விடும். அதனால் நனைத்துச் சாக்கில் போட்டு, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துத் தரையில் அடித்துத் தேய்ப்போம். தோல் உரிந்து வெள்ளைக் கிழங்கு வெளியே வரும். நாலு வயதுப் பிள்ளை முழுசாகச் செய்யக்கூடிய வேலை இது. கையெல்லாம் கறுத்துப்போகும். அரிசி அளப்பதும் அவளே: உழக்கில் தலை தட்டி அளக்க வேண்டும், குவித்தால் பாட்டி திருப்பிக் கொட்டச் சொல்வாள். அடுப்பில் ஓலை தள்ளுவது மட்டும் பெரிய அக்காமார் பொறுப்பு. மற்ற நாளில் கிழங்கை ஒதுக்கி வைக்கிற பிள்ளை, தான் தேய்த்த கிழங்கை எண்ணி எண்ணித் தின்னும்.

வருஷத்தின் மற்ற நாட்களுக்குச் சொப்பு இருந்தது. அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைசல் பிடித்துச் செய்வது. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டில் உருகிச் சாயம் ஏறும். பிறகு தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு வரும். அம்மி, உரல், ஆட்டுக்கல், திருகை, குடம் எல்லாம் உள்ளங்கையில் அடங்கும். பனையோலைப் பெட்டியில் போட்டு விற்பார்கள், குற்றாலம் சீசன் கடைகளில் வாங்காமல் எந்தப் பிள்ளையும் நகராது. திருகையை இப்போதுள்ள பிள்ளைகள் பலர் சொப்பில்தான் பார்த்திருப்பார்கள்.

இதையெல்லாம் பாடம் என்று முறைப்படுத்தியது வேறு இடத்தில். மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரத்துக் கூலிக்காரர் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். அங்கே நாலு வயதுப் பிள்ளைகள் சூடான சூப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் பரிமாறின. உடையக்கூடிய பீங்கானையே கொடுங்கள், அப்போதுதான் கை பழகும் என்பது அவர் கட்சி. 1939 நவம்பரில் சென்னைக்கு வந்து அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். அடுத்த வருஷம் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் எதிரி நாட்டுக்காரராகிப்போனார். கொடைக்கானலிலும் தங்கி, 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார். அவர் முறைக்கு ஆகிற செலவு கிராமத்துக்குக் கட்டுப்படியாகாது என்று கண்டவர் தாராபாய் மோடக். 1945இல் போர்டி என்ற மராட்டியக் கடற்கரை ஊரில், கிடைத்த பொருளை வைத்தே பள்ளி நடத்தினார். அங்கன்வாடி என்ற எண்ணம் அவர் வேலையிலிருந்து வந்தது.

தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, இரண்டிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகள் பால்வாடியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். பசியோடு வந்த பிள்ளைகளைப் பார்த்தவள் நான். அந்தத் திட்டத்தைக் குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும். ஆனால் அன்றிலிருந்து சோறு என்பது ஆயாவின் அறையிலிருந்து தட்டுக்கு வருவதாகிவிட்டது. முருங்கைக்கீரை வருகிற நாளில் மட்டும் நான் தரையில் தாள் விரித்து, ஆளுக்கொரு கொத்துக் கொடுத்துவிடுவேன். பையன்களுக்கும்தான். காம்பைப் பிடித்துக் கீழ்நோக்கி உருவினால் இலை கொட்டும், அதில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பழுத்த இலை, பூச்சி அரித்த இலை என்று பிரிப்பதற்கு நான் வேறு பாடம் நடத்தியதில்லை.

2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு அடுப்பின் பக்கம் ஒரு குழந்தையை விட எந்த டீச்சருக்குத்தான் மனம் வரும்? எனக்கும் வரவில்லை. கீரையைக்கூட அடுப்பிலிருந்து தள்ளி, வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்விட்டேன்.

இப்போது நர்சரிப் பள்ளிகளில் அடுப்பில்லாச் சமையல் நாள் என்று வைக்கிறார்கள். பேத்தியின் பள்ளியில் போய்ப் பார்த்தேன். தலையில் காகிதத் தொப்பி, முன்னால் அம்மாமார் வீட்டிலேயே நறுக்கி அனுப்பிய வெள்ளரிக்காயும் கேரட்டும். பிள்ளைகள் கிண்ணத்தில் போட்டுக் கிளறின. போட்டோ எடுத்தார்கள். நான் ஒரு வாய் கேட்டேன். சுகாதாரம் கருதி யாருக்கும் கொடுப்பதில்லை என்று சொல்லிக் கிண்ணங்களை எடுத்துப்போய்விட்டார்கள். பையன்களும் கிளறினார்கள், அது எனக்குச் சந்தோஷம். சாப்பிட ஆளில்லாத சமையலை மட்டும் என்னால் சமையல் என்று ஒப்ப முடியவில்லை.

சிறுவீட்டுப் பொங்கல் நின்றுபோகவில்லை. முற்றம் இல்லாத வீடுகளில் சுவரைக் கோலப்பொடியில் வரைந்துவிட்டு, பொங்கலை உள்ளே கேஸில் வைக்கிறார்கள். சாணிக்குத்தான் அலைய வேண்டியிருக்கிறது. போன தையில் என் பேத்தியோடு பேரனும் சாக்கின் ஒரு முனையைப் பிடித்தான். ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன வேலை என்று பக்கத்து வீட்டு மதினி கேட்டாள். கிழங்கு கறி சாப்பிடும்போது அவளும்தான் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினாள்.