அஸ்தமனத்துக்குப் பின் ஒரு மணி நேரம்

இங்கிலாந்தின் 1828ஆம் வருட இரவுத் திருட்டுவேட்டைச் சட்டத்தை வாசிக்கும்போது என்னை நிறுத்தியது 'இரவு' என்பதற்கு அது தரும் வரையறை. அஸ்தமனமாகி ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கி, உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு முடிவது இரவு. அந்நேரத்தில் வேட்டை நோக்கத்தோடு துப்பாக்கியுடன் ஒரு நிலத்தில் நின்றாலே குற்றம், சுடணும்னுகூட இல்லை. வெறும் வலைக்கும் அதே கதி.

நோக்கத்தை யார் படிப்பது? மாஜிஸ்திரேட் நாற்காலியில் பெரும்பாலும் நிலப்பிரபுதானே இருந்தார்! மூன்றாம் முறை சிக்கினால் 7 வருடம் நாடுகடத்தலாம். மூன்று பேராகப் போய் ஒருவன் ஆயுதம் வைத்திருந்தாலே 14 வருடம் வரை. சரி, பகலில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1671 தொட்டு 1831 வரை வேட்டை உரிமையே சொத்துத் தகுதியோடு கட்டப்பட்டிருந்தது. பண்ணைக் கூலிக்கு மிஞ்சியது ராத்திரி. அதையும் சட்டம் மணிக்கணக்கில் அளந்து எடுத்துக்கொண்டது. 1844இல் பொதுச்சாலையில் இரவில் முயல் பிடிப்பதும் இதற்குள் வந்தது.