எருது ஓடும் வீதியும் மறியல் நடக்கும் சாலையும்

ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள ஆலங்காயமும் அதை அடுத்த நிம்மியம்பட்டு முதலிய ஊர்களும் பழைய வடஆர்க்காட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்து, பின்னர் வேலூர் மாவட்டத்திலும், 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்திலும் சேர்ந்தவை. பொங்கலைத் தொடர்ந்து இவ்வட்டாரத்தில் நடைபெறும் எருது விடும் விழா, மதுரைப் பக்கத்து ஏறுதழுவலான ஜல்லிக்கட்டிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. அங்கே வீரர் காளையின் திமிலைப் பற்றிக்கொண்டு குறித்த தூரம் செல்ல வேண்டும். இங்கே யாரும் காளையை அடக்குவதில்லை. இருபுறமும் தடுப்பு கட்டிய வீதியில், வாடி எனப்படும் புறப்படும் இடத்திலிருந்து அவிழ்த்துவிடப்படும் எருது, எல்லைக்கோட்டை எத்தனை நொடியில் கடக்கிறது என்பதே போட்டி. மிகக் குறைந்த நேரத்தில் ஓடிய எருதின் உரிமையாளருக்கு முதற்பரிசு கிடைக்கிறது. கிருஷ்ணகிரிப் பகுதியிலோ கொம்புகளில் தட்டி என்னும் அலங்காரப் பலகையைக் கட்டி ஓடவிட, இளைஞர்கள் அதைப் பறிக்க முயல்வது வழக்கம்.

அடக்கும் வீரர் இல்லாத இவ்விழாவில் சாகசம் பார்வையாளரிடம் இடம் மாறியது. தடுப்பைத் தாண்டி வீதிக்குள் இறங்கி, ஓடிவரும் எருதுக்கு வழிவிட்டு விலகியும் அதன் முதுகைத் தட்டியும் துணிவைக் காட்டும் இளைஞர்களே கூட்டத்தின் கவனத்தை ஈர்த்தனர். காயமும் உயிரிழப்பும் பெரும்பாலும் அவர்களுக்கே நேர்ந்தன. காளைகளைக் காட்சிப்படுத்தவோ அதற்காகப் பழக்கவோ கூடாத விலங்குகளின் பட்டியலில் 2011 ஜூலையில் நடுவண் அரசு சேர்த்தது. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. தென்மாவட்ட வழக்கத்தை மையமாகக் கொண்டு எழுந்த அவ்வழக்கின் விளைவு வடமாவட்டங்களின் ஓட்டத்தையும் நிறுத்தியது.

தடைக்காலத்தில் காளையே போராட்டக் கருவியாயிற்று. ஆட்சியர் அலுவலகத்துக்குக் காளையோடு சென்று மனு கொடுப்பதும், தடையை மீறி அவிழ்த்துவிட்டுக் கைதாவதும், விழாவின் காட்சித்தன்மையை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்த உத்திகளாகும். 2017 ஜனவரியில் அலங்காநல்லூரில் போராடியவர்கள் கைது செய்யப்பட்டதை அடுத்து, 17-ஆம் நாள் சென்னை மெரினாவில் கூடத் தொடங்கிய மக்கள் 23-ஆம் நாள் வரை கலையவில்லை. இடையே 21-ஆம் நாள் ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, 23-ஆம் நாள் சட்டமன்றத்தில் திருத்தச் சட்டமுன்வடிவு நிறைவேறியது. ஜனவரி முதல் மே வரை, அரசு அறிவிக்கும் நாளிலும் இடத்திலும் நடைபெறும் நிகழ்ச்சிகளுக்கே இச்சட்டம் இடமளித்ததுடன், மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகிய மூன்றையும் ஜல்லிக்கட்டின் வரையறைக்குள் கொண்டுவந்தது. இவ்வாறு ஆலங்காயம் பகுதியின் ஓட்டம், தான் ஒத்திராத வேறொரு விளையாட்டின் பெயரால் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. 2023 மே 18-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தபோது, ஒரு வழக்கம் பண்பாட்டின் கூறா என்பதைச் சட்டமன்றமே முடிவு செய்யலாம் என ஏற்றுக்கொண்டது.

ஆயினும் பாதுகாப்பு வந்த வழியிலேயே அரசின் பிடியும் வந்தது. முன்பு ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறித்த விழாவுக்கு இப்போது மாவட்ட நிர்வாகத்தின் இசைவும், கால்நடை மருத்துவரின் சோதனையும், காவல்துறையின் பாதுகாப்பும் இன்றியமையாதவை ஆயின. அந்த இசைவு தாமதமானால் என்ன நிகழும் என்பதை 2023 பிப்ரவரி 2-ஆம் நாள் காட்டியது: ஓசூர் அருகே கோபசந்திரத்தில் விழாவுக்குத் திரண்டவர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர், கல்வீச்சும் தடியடியும் நிகழ்ந்தன. விலங்கு நலம் கருதியும் மனித உயிர் கருதியும் கட்டுப்பாடு தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் சாலையில் திரண்டதால் கிடைத்த சட்டம், சாலையில் திரண்டால் எதுவும் கிடைக்கும் என்ற பாடத்தையும் சேர்த்தே கற்பித்துவிட்டது. எனவே உரிய காலத்தில் முடிவெடுத்து அதை முன்கூட்டியே ஊர்களுக்கு அறிவிக்கும் நிர்வாகமே, மறியலுக்கான தேவையைக் குறைக்க வல்லது.