கடன் மீட்பும் காலமும்: வங்குரோத்துச் சட்டங்கள் பற்றிய ஓர் ஒப்புநோக்கு

கடனிறுக்க வகையற்றுப்போன நிறுவனமொன்றிலிருந்து கடன்கொடுத்தோர் மீளப்பெறும் தொகை நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடுகின்றது. சட்டம் கடுமையாயின் மீட்பும் மிகும் என்பது பொதுவான எண்ணமாகும். வரலாறு இதனை ஆதரிக்கின்றதா என்பதனை இங்கிலாந்து, இந்தியா ஆகிய இரு நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1542இல், இயற்றப்பட்ட முதலாவது வங்குரோத்துச் சட்டம் கடனாளியைக் குற்றவாளியாகவே நோக்கியது. 1705ஆம் ஆண்டுச் சட்டம் ஆதனத்தை ஒளித்த வணிகனுக்கு மரண தண்டனையையும், ஒத்துழைத்தவனுக்குக் கடனிலிருந்து விடுதலையையும் வகுத்தது. வணிகரல்லாத கடனாளிகள் தொடர்ந்தும் சிறையில் வாடினர். சிறைப்பட்டவன் பொருளீட்ட இயலாதாகையால், உறவினர் இரங்கிக் கொடுத்தாலன்றிக் கடன்கொடுத்தவனுக்கும் பயன் சிறிதே. 1869ஆம் ஆண்டின் கடனாளிகள் சட்டம் இவ்வழக்கத்தைப் பெரும்பாலும் ஒழித்தது. 1870 முதல், கம்பனியின் முழுச் சொத்தையும் ஒருங்கே ஈடாகக் கொள்ளும் முறையை நீதிமன்றங்கள் ஏற்றன. இதனால் தொழிலைச் சிதைக்காது ஒரே அலகாக விற்றல் எளிதாயிற்று.

நாடுகளை ஒப்பிடுதற்குரிய அளவுகோல் அண்மைக் காலத்திலேயே உருவாயிற்று. ஜாங்கோவ், ஹாட், மக்லீஷ், ஷ்லீஃபர் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், தவணை தவறவிருக்கும் கற்பனை ஹோட்டல் ஒன்றின் கதையை 88 நாடுகளின் வங்குரோத்துத் துறை வல்லுநரிடம் முன்வைத்து வினவினர். அதன் பெறுமதியில் சராசரியாக 48 சதவீதம் மீட்பு நடைமுறையிலேயே அழிந்துபோவதாகக் கண்டனர். உலக வங்கியின் ஆண்டறிக்கையும் இம்முறையையே தழுவியது.

இந்தியாவின் அனுபவம் குறிப்பிடத்தக்கது. நலிவுற்ற கைத்தொழிற் கம்பனிகளைக் காக்க 1985இல் இயற்றப்பட்ட சட்டம், கடன்கொடுத்தோரின் வழக்குகளைத் தடுத்து நிறுத்தியது. விசாரணைகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன, ஆலைகள் துருப்பிடித்தன. 2016ஆம் ஆண்டின் புதிய சட்டக்கோவை 180 நாள் எல்லையை விதித்து, தேவையாயின் மேலும் 90 நாள் அனுமதித்தது. 2019இல் வழக்காடும் காலமும் உட்பட 330 நாள் என வரையறுக்கப்பட்டது. உலக வங்கியின் 2019ஆம் ஆண்டு அறிக்கையில் 4.3 ஆண்டுகளும் டொலருக்கு 26.5 சதமுமாக இருந்த இந்தியாவின் நிலை, 2020ஆம் ஆண்டு அறிக்கையில் 1.6 ஆண்டுகளும் 71.6 சதமுமாக மாறியது.

எனினும் இவ்வெண்களை அப்படியே ஏற்றல் பொருந்தாது. 2018, 2020 அறிக்கைகளின் தரவுகளில் முறைகேடுகள் வெளிப்பட்டமையால் உலக வங்கி 2021இல் இவ்வறிக்கையையே கைவிட்டது. மேலும், இந்தியாவில் 2024 மார்ச் வரை தீர்வு காணப்பட்ட வழக்குகளில் கிடைத்தது, ஏற்கப்பட்ட கோரிக்கைகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. கற்பனை ஹோட்டல் உயிரோடு நீதிமன்றம் புகுந்தது. உண்மைக் கம்பனிகள் பலவோ முன்பே செயலிழந்திருந்தன.

இவ்விடைவெளியே நாம் கொள்ளத்தக்க முடிபைத் தருகின்றது. சிறையும் மரண தண்டனையும் ஈட்டித்தராத பயனைக் காலந்தாழ்த்தாத விசாரணை தரவல்லது. ஆயின் அவ்வளவுகோல் ஈடு பெற்ற கடன்கொடுத்தோரின் பங்கினை மட்டுமே அளந்தது. ஈடின்றிச் சரக்கு வழங்கிய சிறு வணிகரும், சம்பள நிலுவைக்குக் காத்திருக்கும் தொழிலாளரும் அதில் இடம்பெறவில்லை. அவர்களுக்குக் கிடைத்ததனையும் சேர்த்தளந்தாலன்றி, எந்நாட்டுச் சட்டம் சிறந்ததென நாம் துணிந்துரைத்தல் இயலாது.