கரப்பான்: தோலிலா, இரத்தத்திலா?

குழந்தையின் முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்புறமும் வறண்டு, சிவந்து, அரித்து, சில நேரம் நீரும் கசியும் நோயை நம் வீடுகளில் கரப்பான் என்பார்கள், மருத்துவர்கள் எக்ஸிமா என்பார்கள். கத்திரிக்காய், கருவாடு போன்றவற்றைக் ‘கரப்பான் பண்டம்’ என்று ஒதுக்கியும் வைப்பார்கள். நோய் உள்ளிருந்து கிளம்பித் தோலில் வெடிக்கிறது என்ற எண்ணம்தான் இதற்கு அடிப்படை. மேற்கத்திய மருத்துவமும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி இந்தப் பக்கமே சாய்ந்து நின்றது. அதற்கு, நோய்க்கு வைத்த பெயரே பாதிக் காரணம் என்பது என் கருத்து.

1892-இல் பாரிஸ் மருத்துவர் எர்னஸ்ட் பெனியே, தீராத அரிப்பும் ஆஸ்துமாவும் மூக்கு ஒவ்வாமையும் ஒரே ஆளிடம், ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவதைப் பதிவு செய்தார். இப்படிப் பரம்பரையாக வரும் மிகை உணர்வுக்கு 1923-இல் கோக்காவும் குக்கும் ‘அட்டோப்பி’ என்று பெயரிட்டார்கள். 1933-இல் வைஸ், சல்ஸ்பெர்கர் இருவரும் அந்தச் சொல்லை எக்ஸிமாவின் முன்னால் ஒட்டி ‘அட்டோப்பிக் டெர்மடைட்டிஸ்’ ஆக்கினார்கள். அதோடு இது ஒவ்வாமைக் குடும்பத்துப் பிள்ளையாகிவிட்டது. 1966-இல் இஷிசாகா தம்பதி ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின் ஈ-யைக் கண்டறிந்தார்கள். எக்ஸிமா உள்ள குழந்தைகள் பலரின் இரத்தத்தில் அது மிகுந்திருப்பதும் தெரியவந்தது. 1986-இல் மாஸ்மன், காஃப்மன் ஆகியோர் எலிகளின் உதவி டி-அணுக்களை இரு வகையாகப் பிரித்துக் காட்ட, இரண்டாம் வகையான டிஎச்2 ஒவ்வாமைக்குப் பொறுப்பேற்றது. தோல் வெறும் அரங்கம், நாடகம் இரத்தத்தில் என்றானது.

அந்த அரங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. தோலின் மேலடுக்கில் கெராட்டின் இழைகளைக் கட்டாகச் சேர்க்கும் ஒரு புரதத்துக்கு 1981-இல் ‘ஃபிலாக்ரின்’ என்று பெயர் வந்தது. அணுக்கள் தட்டையாகிச் செதிலாகும்போது இழைகளை இறுக்குவது அதன் முதல் வேலை. பிறகு அதுவே சிதைந்து, நீரைப் பிடித்துவைக்கும் சிறு மூலக்கூறுகளாகித் தோலின் ஈரத்தையும் இலேசான அமிலத்தன்மையையும் காக்கிறது. இதன் மரபணுவைப் படிப்பது பெரும்பாடு. ஒரே பத்தியைப் பத்துப் பன்னிரண்டு முறை அடுத்தடுத்து அச்சிட்டாற்போல அமைந்தது அது. எந்த வரியில் பிழை என்று கண்டுபிடிப்பது எளிதல்ல.

டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழு 2006-இல் அந்தப் பிழையைப் பிடித்தது. அவர்கள் தேடியது மீன் செதில்போல் தோல் உரியும் இக்தியோசிஸ் வல்காரிஸுக்கான காரணத்தை. டப்ளினின் ஆலன் இர்வைன் முதலியோருடன் சேர்ந்து பார்த்தபோது, ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 9 விழுக்காட்டினரிடம் உள்ள அதே இரு பிறழ்வுகள் எக்ஸிமாவுக்கும் பெரிய காரணி என்று தெரிந்தது. பிறழ்வு உள்ள குழந்தைகளுக்கு நோய் சீக்கிரம் தொடங்குகிறது, எளிதில் விடுவதில்லை, ஆஸ்துமாவும் கூட வரக்கூடும். அவர்களின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தால் பல நேரம் வயதுக்கு மீறிய நெருக்கமான ரேகைகள் தெரியும். மரபணுச் சோதனைக்கு முன்பே கண்ணில் படும் சான்று இது.

வழக்கு அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் பிறழ்வு உள்ளவர்களில் பலருக்கு எக்ஸிமா வருவதில்லை. எக்ஸிமா உள்ள பலரிடம் பிறழ்வு இல்லை. 2007-இல் டென்வரில் டொனால்டு லியங் குழுவின் ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. டிஎச்2 அணுக்கள் சுரக்கும் இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-13 ஆகியவை ஃபிலாக்ரின் உற்பத்தியையே குறைத்துவிடுகின்றன. அதாவது மரபணு பழுதில்லாத தோலிலும் அழற்சி ஓட்டை போடும். ஓட்டை வழியே ஒவ்வாப் பொருளும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவும் நுழையும், அழற்சி கூடும், ஓட்டை பெரிதாகும். இன்டர்லூகின்-31 அரிப்பைத் தூண்ட, குழந்தையின் நகமும் தன் பங்குக்குச் சேரும். நோய் எவ்வளவு கடுமையாகிறது என்பது இந்தச் சுழற்சியின் வேகத்தைப் பொறுத்தது. 2015-இல் வெளியான பெரிய மரபணுத் தொகுப்பாய்வு எக்ஸிமாவோடு தொடர்புள்ள 31 இடங்களைச் சுட்டியது. நோய் எதிர்ப்பு மரபணுக்களை அடுத்தே அவற்றில் பல இருந்தன.

‘பண்டம்’ ஒதுக்கும் வழக்கத்துக்கும் அதே ஆண்டு ஒரு சோதனை வந்தது. லண்டனில் கிடியன் லாக் குழு, கடும் எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளில் ஒரு பாதிக்கு வேர்க்கடலை உணவைச் சீக்கிரமே கொடுத்தது, மறுபாதிக்கு விலக்கியது. ஐந்து வயதில் வேர்க்கடலை ஒவ்வாமை தின்றவர்களில் 3.2 விழுக்காடு, விலக்கியவர்களில் 17.2.

ஒவ்வாப் பொருள் நுழையத் தோல்தான் வாசல் என்றால் பிறந்ததிலிருந்தே களிம்பு பூசி வாசலை அடைத்துவிடலாமே? பிரிட்டனில் 1,394 சிசுக்களிடம் இதைச் சோதித்தார்கள். 2020-இல் வந்த முடிவு கைகொடுக்கவில்லை: இரண்டு வயதில் பூசியவர்களில் 23 விழுக்காட்டினருக்கும் பூசாதவர்களில் 25 விழுக்காட்டினருக்கும் எக்ஸிமா. மாறாக, இன்டர்லூகின் 4, 13 இரண்டின் பாதையையும் மறிக்கும் டுபிலுமாப் ஊசி 2017-இல் பெரியவர்களுக்கு அமெரிக்க அனுமதி பெற்று, 2022-இல் ஆறு மாதக் குழந்தை வரை இறங்கிவந்தது. மரபணு தோலைக் காட்டியது, மருந்தோ இரத்தத்தின் வழியே வந்தது.

ஐரோப்பாவில் கண்ட அந்த இரு பிறழ்வுகள் ஆசியர்களிடம் அரிது. ஜப்பானியர் தங்களுக்கே உரிய வேறு பிறழ்வுகளைக் கண்டறிந்தார்கள். நோயின் கடுமையை அளக்கும் அட்டவணைகளிலும் ஐரோப்பியரையே அளவாகக் கொள்ளும் இதே சிக்கல் உண்டு. அவை சிவப்புக்கு மதிப்பெண் தருகின்றன. கறுத்த தோலில் அழற்சி பழுப்பாகவோ ஊதாவாகவோ சாம்பலாகவோ தெரிவதால், கடுமையான நோய் லேசானதாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. இக்கட்டுரையின் முதல் வரியில் நானும் பழக்கதோஷத்தில் ‘சிவந்து’ என்றே எழுதியிருக்கிறேன்.